ஆங்கிலத்தில் எழுதிய ஆறு மா

தஞ்சாவூரில் வருவாய் நீதிமன்றம் கூடிய அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் அதிகாரி, அவர் பக்கத்தில் தட்டச்சு செய்பவர், நிலத்துக்காரருக்கு ஒரு வக்கீல், எங்களுக்கு ஒரு வக்கீல், நிலத்துக்காரரின் காரியஸ்தர். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என் அப்பா. கதவுக்கு வெளியே அம்மா, அம்மாவுக்குத் துணையாக வந்த எதிர்வீட்டு மாமா. நிலத்துக்காரர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய மருமகள் சென்னையில் இருந்தார். நானும் அங்கே இல்லை.

நான் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்ட கட்டுரையை நிலத்துக்காரரின் வக்கீல் வரி வரியாகத் தமிழில் சொன்னார். அதில் என்ன இருந்தது என்று அப்பா அன்றுதான் தெரிந்துகொண்டார். அதே நேரத்தில் நான் வெகு தூரத்தில், வேறு மாநிலத்தில், மேலாண்மைக் கல்லூரி ஒன்றின் முதல் வருட வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்த வகுப்பில் எனக்கு இடம் வாங்கித் தந்தது அதே கட்டுரை.

எங்களிடம் இருந்தது ஆறு மா. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். திருவிடைமருதூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், வாய்க்கால் ஓரம். சொந்தம் இல்லை, குத்தகை. அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் எங்கள் பக்கம் முழுக்கக் குத்தகைச் சண்டை. அறுக்க விடுவது யார், களத்தில் நெல்லை அளப்பது யார் என்று ஒவ்வொரு அறுவடையும் போலீஸ் காவலில் நடந்திருக்கிறது. பிறகு கோட்டையில் ஆட்சி மாறி, மேடையில் நன்றாகப் பேசுகிறவர்களின் கட்சி வந்து, குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் போட்டார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கினார்கள். அப்பாவுக்கு அந்தக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். அதைப் போட்டார். அந்தப் பதிவுதான் எங்கள் குடும்பத்தின் மொத்தச் சொத்து. குத்தகை நெல்லை அளக்கிற வரை யாரும் எங்களை வரப்பை விட்டு இறக்க முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குத்தகைதாரரோ அவர் வீட்டாரோ உடம்பால் உழைத்துப் பயிர் செய்ய வேண்டும். வேறு ஆளுக்கு நிலத்தை விட்டால் உரிமை போய்விடும்.

ஊரில் அப்படி விடாதவர்கள் யாரும் கிடையாது. மகள் கல்யாணம் வந்தாலும், இடுப்புப் பிடித்துக்கொண்டாலும், இரண்டு மா மூன்று மாவைப் பக்கத்து ஆளிடம் ஒரு போகத்துக்கு வாரத்துக்கு விடுவார்கள். விளைவதில் ஆளுக்குப் பாதி. எல்லாம் வாய்ப்பேச்சுதான். கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். அடங்கல் பதிவேட்டில் பழைய பெயரையே எழுதிவிட்டுப் போவார். நிலத்துக்காரருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாட்சி சொல்ல ஊரில் ஒருவனும் வரமாட்டான். இன்று இவன் வாரம், நாளைக்கு அவன் வாரம். சங்கத்துக்காரர் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்: "வாயால என்ன வேணா பேசிக்கிங்க. எழுதி மட்டும் குடுத்துடாதீங்கய்யா."

அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன்தான். இலவச பஸ் பாஸில் கும்பகோணம் கல்லூரிக்குப் போய் வணிகவியல் படித்தேன். கடைசி வருடத்தில் வகுப்புத் தோழன் ஒருவன் எம்.பி.ஏ. விண்ணப்பம் வாங்கி வந்தான். அவனைப் பார்த்து நானும் வாங்கினேன். நுழைவுத் தேர்வு எழுதினேன், மதிப்பெண் வந்தது. அதற்கு மேல் விண்ணப்பத்தோடு கட்டுரைகள் கேட்டார்கள். 'உங்களைப் பற்றி எழுதுக. நீங்கள் எடுத்த ஒரு முக்கிய முடிவைப் பற்றி எழுதுக. எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்னைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதே இல்லை. கடையில் விற்ற வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதி அனுப்பினேன். எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்று அஞ்சல் வந்தது. நேர்முகத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் வீட்டிலேயே இருந்து திரும்பவும் முயன்றேன். அந்த வருடம் மேட்டூரைத் தாமதமாகத் திறந்தார்கள். குறுவை இல்லை. சம்பாவுக்கு நாற்று விட்ட நேரத்தில் அப்பா வரப்பிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பு நகராமல் கட்டிலில் கிடந்தார். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. நான் ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டேன். ஆறு மாவையும் நாமே நட்டால் இவ்வளவு செலவு, மூன்று மாவை வாரத்துக்கு விட்டால் இவ்வளவு. தாளை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

அப்பா முழுக்கக் கேட்கவில்லை. "நானும் படுத்துக்கிட்டு அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எதிர்வீட்டான்கிட்டச் சொல்லிவிடு. மேலண்டை மூணு மாவ அவன் பாத்துக்கட்டும்."

எதிர்வீட்டு மாமா எங்களுக்கு உறவு இல்லை, வாய்க்கு மாமா. அவருக்கு நிலம் கிடையாது. கடனில் வாங்கிய உழவு மாட்டையும் விற்றுவிட்டு நின்றார். நான் போய்ச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாப்ளே, பேப்பர்லல்லாம் எழுதிக்கிட்டு வந்திருக்கே. எனக்கு என்ன சம்பளம்? நீதான் மேனேஜரா?"

"பாதிக்குப் பாதி மாமா."

"வெத முதலு?"

"எங்களுது."

"அப்ப மேனேஜரு சொன்னாச் சரி," என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமே மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார். கீழண்டை மூன்று மாவை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம். மாமா பக்கம் எங்களுடையதைவிட நன்றாக விளைந்தது. அடுத்த போகத்துக்கும் அவரே பார்க்கட்டும் என்று அப்பா சொன்னார்.

இதற்கிடையில் நிலத்துக்காரர் எங்கள் மேல் வழக்குப் போட்டிருந்தார். தண்ணீர் வராத வருடங்களின் குத்தகை பாக்கி. அந்தப் பாக்கியை அதிகாரி தவணை வைத்துக் கட்டச் சொல்லிவிட்டார், நாங்களும் கட்டிக்கொண்டிருந்தோம். வழக்கில் பலம் இல்லை. இருந்தும் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

வழக்கு நடந்தாலும் ஒரு பழக்கம் நிற்கவில்லை. தை மாதம் புது அரிசியும் ஒரு வாழைத்தாரும் கும்பகோணத்தில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு அதில் ஆத்திரம். "கோர்ட்டுல இழுக்குறவுங்களுக்குத் தாரு வேற கேடா?" என்பாள். அப்பா சொல்வார்: "கேஸு தஞ்சாவூர்ல நடக்குது. அரிசி கும்பகோணத்துக்குப் போவுது. ரெண்டுக்கும் என்னடி?"

அந்தத் தையில் அப்பாவால் பஸ் ஏற முடியாததால் நான் கொண்டுபோனேன். அங்கேதான் நிலத்துக்காரரின் மருமகளைப் பார்த்தேன். சென்னையில் வங்கியில் வேலை. பேறுகாலம் முடிந்து கைக்குழந்தையோடு மாமனார் வீட்டுக்குச் சில வாரங்கள் வந்திருந்தார். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவரும் எம்.பி.ஏ. முடித்தவர் என்றார். நான் நேரில் பார்த்த முதல் எம்.பி.ஏ. அவர்தான்.

"கட்டுரை எழுதியிருக்கீங்களா? கொண்டாங்க பாப்போம்," என்றார். மறு வாரமே கொண்டுபோனேன்.

முன்பு நெல் கொட்டி வைத்திருந்த அறையில் இப்போது ஒரு கணினி இருந்தது. மூலையில் இன்னும் சாக்கு வாசனை. அவர் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே முதல் வரியைப் படித்தார். 'சிறு வயது முதலே நிர்வாகத்தின் மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று தொடங்கியிருந்தேன்.

"சின்ன வயசுல நிர்வாகம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க மேடம்."

"அப்புறம் எதுக்கு இது?"

"புத்தகத்துல இருந்துச்சுங்க."

"அந்தப் புத்தகத்தை எல்லாரும்தான் வாங்குறாங்க. படிக்கிறவர் காலையிலேர்ந்து இதே வரியைப் படிச்சுப் படிச்சு நொந்து போயிருப்பார். உங்க கட்டுரையை எடுத்ததும் அவர் நிமிந்து உக்கார வேணாமா?"

அதற்குப் பிறகு நான்கைந்து முறை போனேன். அவர் எழுதித் தரவில்லை, ஒரு வரிகூட. கேள்வி மட்டும்தான் கேட்பார். நீங்களே எடுத்த முடிவு ஒன்று சொல்லுங்கள். அப்போது கையில் என்ன இருந்தது, என்ன இல்லை? யார் வேண்டாம் என்றார்கள்? என்ன ஆயிற்று? மறுபடி அந்த நிலை வந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? நான் கல்லூரியில் பேச்சுப்போட்டி நடத்தியதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். ரத்ததான முகாமைச் சொன்னேன். அதற்கும் ஆட்டினார். வேறு ஒன்றும் இல்லாமல், சும்மா, இந்த வருடம் வீட்டில் பட்ட பாட்டைச் சொன்னேன். தாளில் போட்ட கணக்கைச் சொன்னேன்.

"இதை வச்சுக்கிட்டா ரத்ததான முகாமைப் பத்தி எழுதிட்டு இருந்தீங்க?"

"இது ஊர்ல எல்லாரும் பண்றதுங்க."

"கட்டுரையைப் படிக்கிறவங்க யாருக்கும் இது தெரியாது. எவ்வளவு நிலம், யார்கிட்ட குடுத்தீங்க, என்ன பங்கு, எவ்வளவு வெளஞ்சுது? எல்லாத்தையும் எழுதுங்க. மூட்டைக் கணக்கோட எழுதுங்க."

எழுதினேன். ஓரங்களில் 'எவ்வளவு?', 'யார்?', 'எப்போது?' என்று பென்சிலில் குறித்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து அந்த இடங்களை நிரப்புவேன். நிரப்ப நிரப்பக் கட்டுரைக்கு உயிர் வந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. எங்கள் சேறும் எங்கள் வாய்க்காலும் ஆங்கிலத்தில் நிமிர்ந்து நின்றன. 'குடும்பத்தின் ஆறு மா நிலத்தில் பாதியை ஒரு பங்காளருக்கு விட்டேன்' என்று எழுதினேன். அவர் நிலமற்றவர் என்றும், அவருக்கு விளைச்சலில் பாதி என்றும், இரண்டு போகமாக அந்த ஏற்பாடு தொடர்கிறது என்றும் எழுதினேன். வாரம் என்பதற்கு நல்ல ஆங்கிலச் சொல் ஒன்றை அகராதியில் கண்டுபிடித்தேன்.

சங்கத்துக்காரர் சொன்னது ஞாபகம் வரவில்லையா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். வரவில்லை. எழுதிக் கொடுப்பது என்றால் எனக்கு முத்திரைத்தாள், தமிழ், கைநாட்டு, சாட்சிக் கையெழுத்து. ஆங்கிலத்தில் தூரத்து ஊருக்கு எழுதுவது அந்த வகையில் சேராது என்று நினைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் எங்கள் ஊரில் நடந்தது எங்கள் ஊர்க் காதுக்குத் திரும்பி வராது என்றுகூட நினைத்திருக்கலாம்.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. யார் வேண்டாம் என்றார்கள்?

"யாருமே எதிர்க்கலையா?" என்று மேடம் கேட்டார். "எதிர்ப்பே இல்லாம ஒரு முடிவுன்னா அதுல என்ன இருக்கு?"

அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்து, அப்பா தூங்கிக்கொண்டிருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு பத்தியை எழுதினேன். 'என் தந்தை எழுதப் படிக்காதவர். கணக்கைவிடப் பழக்கத்தை நம்புகிறவர். அவர் கடுமையாக எதிர்த்தார். பல நாட்கள் பொறுமையாக விளக்கி அவரை இணங்க வைத்தேன்.' கட்டுரை முழுவதிலும் பொய் இருந்தது அந்த நான்கு வரியில்தான். அந்த நான்கும் ஆங்கிலத்தில் மிக நன்றாக வந்திருந்தன.

மேடம் படித்துவிட்டு, "இப்பத்தான் முழுசாச்சு," என்றார். கணினியில் தட்டி இரண்டு படிகள் எடுத்தார். அடியில் 'இதில் கூறியவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையெழுத்துக்கு ஒரு கோடும் இருந்தன.

நான் கிளம்பும்போது நிலத்துக்காரர் கூடத்தில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, நாலஞ்சு வாரமா மருமகளும் நீயும் என்னமோ பரீட்சை எழுதுறீங்களே? குடு, நானும் பாக்குறேன்."

கொடுத்தேன். கேட்டதற்காக மட்டும் கொடுக்கவில்லை. எங்கள் நெல்லை அளந்து வாங்கியவர் என் ஆங்கிலத்தைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அதே இடத்தைப் படித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வீட்டில் எங்களுக்கு அப்படி நிற்பதுதான் பழக்கம். ஆனால் அன்று மனசுக்குள் நான் அப்படி நிற்கவில்லை.

"பிரமாதமா எழுதியிருக்கியே. இதெல்லாம் நெசமா நடந்ததுதானா?"

"நெசந்தாங்க ஐயா."

"ரெண்டு போகமாவா?"

"ஆமாங்க ஐயா."

"இதுல ஒண்ணு கையெழுத்துப் போட்டு எனக்குக் குடுத்துட்டுப் போ. நாளைக்கு நீ பெரிய ஆளா வந்தா, எங்க குடியானவர் பையன்னு நாலு பேருகிட்டக் காட்டணும்ல?"

என் பேனாவில் மை அடைத்துக்கொண்டது. அவர் தன் பேனாவைக் கொடுத்தார். போட்டேன். முழுப் பெயரையும் போட்டேன், அப்பாவின் முதலெழுத்தோடு.

மேடம் அப்போது குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போயிருந்தார். பிறகு ஒரு முறை கல்லூரி விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி, சத்தியமா," என்று அழுதார். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். இதில் அவர் மேல் பழி போட ஒன்றும் இல்லை.

நேர்முகத்தில் கட்டுரையை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார்கள். "உங்கள் தந்தையை எப்படி இணங்க வைத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நான் நிறுத்தி, நிதானமாக, நடந்ததைப்போலவே சொன்னேன். கல்லூரிப் பேச்சுப்போட்டிப் பழக்கம் கைகொடுத்தது. அவர்கள் புன்னகைத்தார்கள். ஆறு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. அப்பா தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். மாமா, "மேனேஜரு நெசமாவே மேனேஜரு ஆவப்போறாரு," என்று சாக்லெட் வாங்கிக் கொடுத்தார். கல்விக் கடன் கிடைத்தது. போய்விட்டேன்.

விடுதித் தொலைபேசிக்கு மாமாதான் கூப்பிட்டார், திருவிடைமருதூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"மாப்ளே, நல்லாருக்கியா? அங்க சோறு போடுறானா, ரொட்டியா?"

"ரொட்டிதான் மாமா. என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்ல. நான் இங்கிலீஷ்ல வந்துட்டேன். கோர்ட்டுல படிச்சாங்க." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "என்னைய வச்சு ஏதாச்சும் எழுதினியா மாப்ளே?"

நடந்ததை அவர்தான் சொன்னார். நிலத்துக்காரர் மனுவைத் திருத்தி, நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள் என்று சேர்த்திருக்கிறார். சாட்சி கிராமத்தில் கிடைக்கவில்லை, என் கட்டுரைதான் சாட்சி. எங்கள் வக்கீல், கையெழுத்து மகனுடையதுதானா என்பதே தெரியாது என்று வாதம் பண்ணத் தயாராக இருந்தார். அப்பாவிடமும் சொல்லி வைத்திருந்தார்: தெரியாதுங்க என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதிகாரி தாளை அப்பாவிடம் நீட்டி, "இது உங்க பையன் கையெழுத்தா பெரியவரே?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்கப்பா வாங்கிப் பாத்தாரு மாப்ளே. தலைகீழாப் புடிச்சாரு. அந்த டைப்படிக்கிறவரு நேராத் திருப்பிக் குடுத்தாரு. பாத்துட்டு, ஆமாங்க, எம் பையன் கையெழுத்துதாங்கன்னுட்டாரு. வக்கீலு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு."

"ஏன் மாமா அப்படிச் சொன்னாரு?"

"நானும் கேட்டேன் வெளியில வந்ததும். எம் புள்ள போட்ட கையெழுத்த எனக்குத் தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்லுவேங்கறாரு."

நான் அடுத்த வண்டியில் ஊருக்கு வந்தேன். அம்மா சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா வயலில் இருந்தார். இடுப்பு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, வரப்பில் உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பறிக்க ஆரம்பித்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"அந்த வக்கீலு வேகமாச் சொன்னாரு. எனக்குச் சரியா வெளங்கல. நீ என்ன எழுதினேன்னு நீ சொல்லு."

என்னிடம் தாள் இல்லை, தேவையும் இல்லை. அத்தனை முறை எழுதியது மனப்பாடம். தமிழில் சொல்லத் தொடங்கினேன். மேட்டூர் தாமதமாகத் திறந்தது, நாற்று, கூலி, மாமா, மூட்டைக் கணக்கு. ஆங்கிலத்தில் அவ்வளவு எடுப்பாக இருந்தது தமிழில் சொல்லும்போது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. அப்பா நடுநடுவே, "பதினெட்டு மூட்டை இல்லடா, பதினேழரை," என்று திருத்தினார். அந்த நான்கு வரி வந்ததும் நான் தாண்டிவிட்டு முடிவுக்குப் போனேன்.

"இன்னொண்ணு சொன்னாரே," என்றார்.

"என்னப்பா?"

"நான் வேணாம்னு நின்னேன்னு."

நான் கையிலிருந்த கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேரோடு வரவில்லை, பாதியில் அறுந்திருந்தது.

"நான் எப்படா வேணாம்னேன்?" கோபமாகக் கேட்கவில்லை. தான் மறந்துவிட்டோமோ என்று உண்மையிலேயே சந்தேகப்பட்டவர் மாதிரி கேட்டார். "அவன்கிட்டக் குடுக்கச் சொன்னதே நான்தானே?"

"நீங்கதாம்ப்பா."

"அப்பறம்?"

கட்டுரைக்கு ஒரு எதிர்ப்பு வேண்டும், அப்போதுதான் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். அவர் கவனமாகக் கேட்டார். "அப்புடி எழுதினாத்தான் சீட்டு குடுப்பாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் நான் இதையெல்லாம் இப்போது எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

வழக்கு நிச்சயம் தோற்றுப்போகும் என்றார் வக்கீல். தீர்ப்பு வந்து காலி பண்ணச் சொன்னால் ஒரு மாவும் மிஞ்சாது. அதற்கு முன்னால் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்காரர் வந்தார். முன்பெல்லாம் என்றால் நூறு பேரோடு வயலில் இறங்கியிருப்பார்கள். இப்போது அவர் தனியாகத்தான் வந்தார், சைக்கிளில். என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள," என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் வக்கீலும் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனோம். மாமா வரவில்லை, அவரைக் கூப்பிட வழி இல்லை, சட்டப்படி அவர் யாரும் இல்லை. நிலத்துக்காரர் அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அப்பா உட்காரவில்லை.

"உங்க பையன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல," என்றார் அவர். "அவன் நல்லா வரணும். கேஸு வேற, இது வேற." பிறகு என்னைப் பார்த்து, "படிப்பெல்லாம் எப்புடிப் போவுது தம்பி?" என்று கேட்டார்.

"நல்லாப் போகுதுங்க ஐயா," என்றேன்.

அந்த வீட்டில், அந்த நேரத்தில், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, அத்தனை பணிவாக, அத்தனை தெளிவாக அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்தது. கட்டுரை எழுதியதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நன்றாகப் படிக்கிறானாம் என்று அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது.

அன்றே எழுதி முடித்தார்கள். தமிழில், முத்திரைத்தாளில். வக்கீல் படித்துக் காட்டினார், அப்பா தன் கையெழுத்தைப் போட்டார், சாட்சியாக நான் போட்டேன். மாமா அந்தப் போகம் அறுத்ததும் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார், பனியன் கம்பெனிக்கு. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை; நான் அப்போது கல்லூரியில் இருந்தேன்.

அந்தப் பத்திரப்படி மாமா உழுத மேலண்டை மூன்று மாவும் நிலத்துக்காரருக்கு. கீழண்டையில் இரண்டு மாவும் அவருக்கு. மழைத் தண்ணீர் தேங்கும் தாழ்வு மூலையில் ஒரு மா அப்பா பெயருக்குச் சொந்தமாக, பத்திரச் செலவு எங்களுடையது. அந்தச் செலவும் வக்கீலுக்குக் கடைசியாகக் கொடுத்ததும் சேர்த்து பதினோராயிரம் ரூபாய், அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கியது. ஆக, அந்தக் கட்டுரைக்கு நாங்கள் கொடுத்தது பதினோராயிரம் ரூபாயும் ஐந்து மாவும்.